கைக்குட்டை தந்த அக்காவுக்கு

2022 செப்டம்பர், மதுரையில் ஒரு மதியக் காட்சி. 'கணம்' படத்துக்குத் தனியாக வந்திருந்தேன். அம்மா போய் அப்போது ஏழு மாதம். நாசரின் கால இயந்திரத்தில் ஏறி 1998-க்குப் போகும் ஷர்வானந்த், விபத்தில் இழந்த அம்மாவை மறுபடியும் பார்க்கிறார். அமலா வீட்டுக்குள் நடமாடுகிறார், பேசுகிறார், அவ்வளவுதான். எனக்குத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினேன்.

பக்கத்து சீட்டில் இருந்த அக்கா, நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. கைக்குட்டையை என் மடியில் வைத்தீர்கள். ஓரத்தில் பச்சை நூலில் ஒரு பூ, லேசாகத் தைல வாசனை. என் அம்மாவின் முந்தானையிலும் அதே வாசனைதான் இருக்கும். இடைவேளையில் டீ வாங்கி வந்து, "குடிம்மா, படம் முடியிற வரைக்கும் நான் இங்கதான் இருக்கேன்" என்றீர்கள். விளக்கு போட்ட பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கூட்டம் முழுக்க வெளியே போகும்வரை என் கையை விடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அதுவரை எல்லாரும் என்னைத் தேற்றத்தான் பார்த்தார்கள் (பாசத்தில்தான்). நீங்கள்தான் அழ விட்டீர்கள். ரொம்ப நன்றி அக்கா. கைக்குட்டையைத் துவைத்து மடித்து பத்திரமாக வைத்திருக்கிறேன்.