பட்டியலை மூடி வைக்கச் சொல்

அன்புள்ள ராஜாங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மறுபடி காலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்துவிட்டான்.

உன் மகள் இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குத் தயாராவது ரொம்ப சந்தோஷம். வினைச்சொல்லோடு அப், ஆஃப் மாதிரி ஒரு சின்னச் சொல் சேர்ந்து பொருளே மாறிப்போகும் பிரேசல் வெர்ப் மட்டும் மண்டையில் ஏறவில்லை, கெட், புட், டேக் என்று வரிசையாகப் போட்ட பட்டியலை உருப்போடுகிறாள் என்று எழுதியிருந்தாய். முதலில் அந்தப் பட்டியலை மூடி வைக்கச் சொல். கெட் அப், கெட் ஓவர், கெட் பை என்று ஒரே மூச்சில் படித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். வார்டில் காதில் விழப்போவதிலிருந்து தொடங்கட்டும்.

நாம் பள்ளியில் படித்தது வாமிட், ஃபெயின்ட். அங்கே நோயாளி 'ஐ த்ரூ அப்' என்பார், வாந்தி எடுத்தாராம். வலி மருந்தின் வேகம் அடங்கிவிட்டால் 'இட்ஸ் வோர்ன் ஆஃப்'. ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தவர் 'கேம் ரவுண்ட்'. பாஸ் அவுட் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். '2022-ல் பாஸ் அவுட்' என்றால் நமக்குப் படிப்பு முடித்த வருஷம். அங்கே வார்டில் சொன்னால் மயங்கி விழுந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதே பாஸோடு அவே சேர்ந்தால் ஆளே இல்லை!

அப்புறம், சொற்கள் நிற்கும் இடம். கட்டை அவிழ்ப்பதை 'டேக் ஆஃப் த பேண்டேஜ்' என்றும் சொல்லலாம், 'டேக் த பேண்டேஜ் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் பேண்டேஜுக்குப் பதில் இட் வந்தால் 'டேக் இட் ஆஃப்' மட்டும்தான். இட் நடுவில்தான் உட்காரும். கவனித்துக்கொள்வதைச் சொல்லும் லுக் ஆஃப்டர் அப்படியில்லை, அதைப் பிரிக்கவே முடியாது. 'லுக் ஆஃப்டர் ஹர்' என்றே வரவேண்டும். இதை விதியாகப் படிப்பதைவிட, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியமாக நோட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது. நான் வகுப்பில் பார்த்தவரை அப்படிப் படித்த பிள்ளைகளுக்குத்தான் நின்றது.

அவள் மனம் தளரவேண்டாம். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, அயல்நாட்டாருக்கு மிகப் பெரிய சிரமம் தருவது இந்த வகைச் சொற்கள்தான் என்று எழுதியிருக்கிறார். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கு இது அந்நியமே இல்லை என்பது என் எண்ணம். 'பால் கெட்டுப்போச்சு' என்கிறோமே, பால் எங்கே போனது? இங்கிலாந்துக்காரரும் கெட்ட பாலை 'கான் ஆஃப்' என்றுதான் சொல்கிறார். எடுத்துக்கொள், எடுத்துவிடு, எடுத்துப்போடு மூன்றும் ஒன்றா? பின்னால் வருகிற சின்னச் சொல் பொருளைத் திருப்பிவிடுவது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். இதை அவளிடம் மறக்காமல் சொல், பாதி பயம் போய்விடும்.

ஆவணியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டில்தான் தங்கல். அவள் நோட்டைத் தயாராக வைத்திருக்கட்டும், உட்கார்ந்து பார்த்துவிடலாம். தங்கச்சியிடமும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சோமு