மலையைப் பாத்து சீசன் பாஸ் வாங்காதீங்க, பார்க்கிங்கைப் பாத்து வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸ் பத்தி நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் வந்துட்டே இருக்கு, ஆன்லைன்ல ஒண்ணு விடாம படிக்கிறேன். வெளிநாட்டுல மலைக்குப் போறதுக்கெல்லாம் யாரும் இப்படி கெடுபிடி பண்றதில்ல, ரோட்டை அகலப்படுத்தி பார்க்கிங் கட்டிக் கொடுத்துட்டு போயிட்டே இருப்பாங்கன்னு ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படிச்சதும் சிரிப்பு தாங்கல. நான் இருக்கறது அமெரிக்காவுல யூட்டா மாநிலம், சால்ட் லேக் சிட்டிக்குத் தெக்கால சாண்டிங்கற ஊரு. இங்க ஸ்கி (பனிச்சறுக்கு) சீசன்ல ஒரு சனிக்கிழமை காலைல பார்க்கிங் ரிசர்வேஷன் இல்லாம மலை ஏறிப் பாக்கட்டும், அப்புறம் ஊட்டியைப் பத்தி பேசுவோம்.

எங்க ஊருக்குப் பின்னாடியே ரெண்டு கேன்யன், அதாவது மலைப் பள்ளத்தாக்கு இருக்கு, ரெண்டுலயும் ஸ்கி மலைங்க. லிட்டில் காட்டன்வுட்ல ஆல்டாவும் ஸ்னோபேர்டும், பிக் காட்டன்வுட்ல பிரைட்டனும் சாலிடியூடும். மலைக்கு அந்தப் பக்கம் பார்க் சிட்டி, டியர் வேலின்னு இன்னும் ரெண்டு ஸ்கி மலை. ஏர்போர்ட்ல இறங்கி ஒரு மணி நேரத்துல ஸ்கி போட்டுடலாம்னு விளம்பரம் பண்ணுவாங்க, ட்ராஃபிக் இல்லாத செவ்வாய்க்கிழமைல அது உண்மைதான். ஆனா லிட்டில் காட்டன்வுட் ரோடு போக ஒண்ணு வர ஒண்ணுதான், ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை, பனிச்சரிவு இறங்கற பாதை மட்டும் 64 இருக்கு. ராத்திரி பனி கொட்டுச்சுன்னா விடிகாலைல ரோட்டை மூடிட்டு, வெடி வச்சு பனியை இறக்கி விட்டு, சுத்தம் பண்ணின பிறகுதான் தொறப்பாங்க. அதுவரைக்கும் கீழ ஊருக்குள்ள கார் வரிசை கட்டி நிக்கும், இருட்டுல பிரேக் லைட்டு மட்டும் சிவப்பா வளைஞ்சு வளைஞ்சு தெரியும், இங்க இருக்கறவங்க அதுக்கு ரெட் ஸ்நேக்னே பேர் வச்சிருக்காங்க. 2022-23 சீசன்ல ஆல்டாவுல 903 இஞ்ச் பனி கொட்டுச்சு, அதாவது 75 அடி, அந்த வருஷம் இந்த வரிசையைப் பத்திப் பேசாத ஆளே கிடையாது.

இந்தக் கூட்டம் வந்ததே சீசன் பாஸாலதான்னு எல்லாரும் திட்டுவாங்க, அதுல பாதி உண்மை. 2008ல வெயில் ரிசார்ட்ஸ் கம்பெனி எபிக் பாஸ்னு ஒண்ணு 579 டாலருக்கு கொண்டு வந்துச்சு, ஒரே பாஸ்ல அவங்க மலை எல்லாத்துலயும் சீசன் பூரா ஏறலாம். 2018ல போட்டிக்கு ஆல்டெரா கம்பெனி ஐக்கான் பாஸ் விட்டுச்சு. இதுல சூட்சுமம் என்னன்னா பனி விழறதுக்கு முன்னாடியே காசை வாங்கிடணும், அப்புறம் அந்த வருஷம் பனி பொய்ச்சாலும் கம்பெனிக்கு நஷ்டம் இல்ல. மக்கள் முன்கூட்டியே வாங்கணும்னா ஒருநாள் டிக்கெட் விலை பயமுறுத்தணும் இல்லையா, அதான் பார்க் சிட்டில கிறிஸ்துமஸ் சமயம் ஒரு ஆளுக்கு ஒருநாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிப் போயிடுச்சு. 2025-26 சீசனுக்கு எபிக் ஆரம்ப விலை 1,051, ஐக்கான் 1,329. கணக்கு தெரிஞ்சவன் எவனும் டிக்கெட் வாங்க மாட்டான். 2021ல எபிக் விலையை ஒரேயடியா 20 சதவீதம் கொறச்சப்ப 20 லட்சத்துக்கு மேல பாஸ் வித்துச்சு. பாஸை எத்தனை லட்சம் வேணா விக்கலாம், ஆனா மலையடிவாரத்துல இருக்கற பார்க்கிங் லாட் அப்படியேதான் இருக்கு, ஊரையே கல்யாணத்துக்கு அழைச்சுட்டு பந்தில நூறு எலை மட்டும் போட்ட கதை.

நான் கம்பெனியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பாஸ் வந்ததாலதான் எங்களை மாதிரி சம்பளக்காரங்க குடும்பத்தோட ஸ்கி பண்ண முடியுது, முன்னாடி இது காசுக்காரன் விளையாட்டு. பிரச்சனை என்னன்னா எல்லாரும் ஒரே நாள்ல வர்றோம், சனி ஞாயிறு, அப்புறம் ஜனவரில வர்ற மார்ட்டின் லூதர் கிங் லீவு, பிப்ரவரில பிரசிடென்ட்ஸ் டே லீவு. நாலு பேர் உக்கார்ற காருல ஒரே ஆளா வர்றவங்க வேற. அந்த எடத்துல கூட்டத்தைக் கட்டுப்படுத்த மலைக்காரங்க கைல மிச்சம் இருக்கற ஒரே கதவு பார்க்கிங்தான், ஏன்னா பாஸ் வித்தாச்சு, லிஃப்ட் (ஆளை மலை மேல தூக்கிட்டுப் போற தொங்கு நாற்காலி) வாசல்ல நிறுத்த முடியாது.

சாலிடியூட்காரங்கதான் 2019-20ல முதல்ல தைரியமா காசு வச்சாங்க. கார்ல ஒருத்தரோ ரெண்டு பேரோ இருந்தா 20 டாலர், மூணு பேர்னா 10, நாலும் அதுக்கு மேலயும்னா 5. ஊரே கொந்தளிச்சுச்சு. எனக்கு என்னவோ அது ரொம்ப நியாயமாத்தான் பட்டுச்சு, ஆள் கூடக்கூட காசு கொறையுது, இதைவிட என்ன வேணும்? ஆல்டாவுல 2021-22ல இருந்து வெள்ளி சனி ஞாயிறு காலைல ரிசர்வேஷன் இல்லாம நிறுத்த முடியாது, மத்தியானம் 1 மணிக்கு மேல வந்தா ஃப்ரீ. பார்க் சிட்டில அடுத்த வருஷம் 25 டாலர்ல ஆரம்பிச்சாங்க, நாலு பேர் இருந்தா காசு இல்ல. அப்புறம் பிரைட்டனும் சேந்துச்சு.

பார்க் சிட்டி கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். 2022ல அங்க ரெண்டு பழைய லிஃப்டை மாத்தி புதுசு போட, அந்த மலையை நடத்தற வெயில் ரிசார்ட்ஸ் கம்பெனி பிளான் போட்டுச்சு, சாமானெல்லாம் கூட ரெடி. ஊர்க்காரங்க நாலு பேர் சேந்து, லிஃப்ட் பெருசானா கூட்டம் வரும், அந்தக் கூட்டத்துக்குப் பார்க்கிங் எங்கன்னு ஊர் பிளானிங் கமிஷன்ல அப்பீல் போட்டாங்க. கமிஷன் அவங்க பக்கம் நின்னுடுச்சு, கொடுத்திருந்த அனுமதி போச்சு. அந்தப் புது லிஃப்ட் ரெண்டையும் கம்பெனி கனடாவுல இருக்கற விஸ்லர்ங்கற ஸ்கி மலைக்கு ஏத்தி அனுப்பிடுச்சு! நாலு குடியிருப்புவாசி பார்க்கிங் கணக்கைக் கேட்டு அவ்ளோ பெரிய கம்பெனியைத் திருப்பி விட்டாங்க. நம்ம மலை ஊர்கள்ல புதுசா ரிசார்ட் அனுமதி கொடுக்கும்போது யாராவது இந்தக் கணக்கைக் கேக்கறாங்களா?

இப்ப பாஸ் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்தப் பேப்பரை அமெரிக்காவுல ஆன்லைன்ல படிக்கிற தமிழ்க் குடும்பம் நெறைய இருக்கு, மார்ச் ஏப்ரல் வந்தா எந்த பாஸ் வாங்கறதுன்னு வாட்சாப் குரூப்ல ஒரே சண்டை. எல்லாரும் எத்தனை மலைன்னுதான் எண்ணுவாங்க. எபிக்ல இத்தனை, ஐக்கான்ல இத்தனை, ஜப்பான்ல கூட உண்டாம்னு. ஜப்பானுக்கு யாரு போறது? யூட்டாவுல எபிக்னா பார்க் சிட்டி ஒண்ணுதான். மத்த பெரிய மலை பெரும்பாலும் ஐக்கான் பக்கம், ஆனா அதுலயும் சாலிடியூட் மட்டும்தான் அன்லிமிடெட், ஆல்டா, ஸ்னோபேர்ட், பிரைட்டன் எல்லாம் வரம்பு நாள். அப்புறம் விலை கம்மியான பாஸ் ஒண்ணு ரெண்டுலயும் உண்டு, எபிக் லோக்கல், ஐக்கான் பேஸ்னு. அதை வாங்குறதுக்கு முன்னாடி பிளாக்அவுட் தேதியை, அதாவது பாஸ் செல்லாத நாளைப் பாருங்க. கிறிஸ்துமஸ் வாரத்துலயும் ஜனவரி, பிப்ரவரி நீள வீக்எண்டுலயும் பல மலைல அது செல்லாது, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவும் நமக்கு ஆபீஸ் லீவும் சரியா அதே நாள்ல. நூத்துக்கணக்குல டாலர் மிச்சம்னு வாங்கிட்டு லீவு நாள்ல வீட்ல உக்காந்திருக்கறதுக்கு எதுக்கு பாஸ்?

போன குளிர்காலத்துல பிரசிடென்ட்ஸ் டேக்கு என் மச்சினர் குடும்பம் கலிபோர்னியா பே ஏரியால இருந்து இன்னொரு ஃபிரெண்டு குடும்பத்தோட வந்தாங்க. பெரிய பாஸ்தான் எல்லாருக்கும், பிளாக்அவுட் கிடையாது. வாங்கினதுல இருந்து அந்தக் கம்பெனி மெயில் மேல மெயில் அனுப்பிருக்கு, புது லிஃப்ட், புது ரெஸ்டாரண்ட், பாஸ் காட்டினா பர்கருக்கு டிஸ்கவுண்ட், எல்லாம் இருக்கு, பார்க்கிங் தனியா புக் பண்ணணுங்கறது மட்டும் எங்கயோ அடில பொடி எழுத்துல. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சு நான் கேட்டப்பதான் அவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியும். சனிக்கிழமை காலண்டர்ல கட்டம் பூரா சாம்பல் கலர், எல்லாம் போயிடுச்சு. யாராவது கேன்சல் பண்ணா வரும்னு அக்காவும் மச்சினரும் ஆளுக்கு ஒரு போனை வச்சுட்டு ரிஃப்ரெஷ் பண்ணிட்டே இருந்தாங்க, நடுராத்திரிக்கு மேல ஒரே ஒரு கட்டம் பச்சையாச்சு. ஒரு காருக்கு இடம் கிடைச்சுது, ஆளோ ஒன்பது பேர்.

மிச்சப் பேரோட நான் பஸ்ல போனேன். கேன்யன் வாய்க்குக் கீழ 9400 சவுத்ங்கற ரோட்டுல ஒரு பார்க் அண்ட் ரைடு இருக்கு, அங்க காரை விட்டுட்டு ஸ்கி பஸ் ஏறணும். பூட்ஸை மாட்டிட்டு வந்துடாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டாங்க, பிளாஸ்டிக் பூட்ஸோட வளையற பஸ்ல நிக்கறது ஒரு தனி சாகசம், ஒரு கைல ஸ்கியும் ஊனற குச்சியும், இன்னொரு கைல மேல் கம்பி, சின்னவன் மடில புளியோதரை டப்பா. ஆனா சொன்னா நம்ப மாட்டீங்க, இறக்கி விடறது லிஃப்ட் பக்கத்துலயே. காருல போனவங்க கடைசி லாட்ல விட்டுட்டு ஐஸ் கட்டின தரைல ஸ்கியைத் தூக்கிட்டு நடந்து வந்து சேரறதுக்குள்ள நாங்க ரெண்டு ரவுண்டு முடிச்சுட்டோம். அதுவும் அந்தந்த மலையோட சீசன் பாஸ் கைல இருந்தா ஸ்கி பஸ்ஸுக்கு டிக்கெட் காசே கிடையாது. பார்க் சிட்டில ஊர் பஸ் எல்லாருக்குமே ஃப்ரீ.

அதனாலதான் சொல்றேன், பாஸ் விலையோட பார்க்கிங் செலவையும் சேத்துக் கணக்குப் போடுங்க. நீங்க போகப்போற நாள்ல ரிசர்வேஷன் உண்டா, எப்ப ஓப்பன் ஆகும், உங்க பாஸுக்கு அது இலவசமா காசா, கேன்சல் பண்ணா திரும்பக் கிடைக்குமா, பஸ் உண்டா, எத்தனை நிமிஷத்துக்கு ஒண்ணு, இதைப் பாத்துட்டு அப்புறம் எத்தனை மலைன்னு எண்ணுங்க. உள்ளூர்லயே இருக்கறவங்க ஒரே ஒரு மலையோட பாஸ் வாங்கறது பல சமயம் மேல். வாரநாள்ல மத்தியானத்துக்கு மேல லீவு எடுக்க முடிஞ்சா பார்க்கிங் தொல்லையே பாதி போச்சு. பிரைட்டன்ல ராத்திரி லைட் போட்டு ஸ்கி விடுவாங்க, ஆபீஸ் முடிச்சுட்டு போகலாம், வரிசை கம்மி. 4, 5, 6ம் வகுப்பு படிக்கிற பிள்ளைங்களுக்கு ஸ்கி யூட்டா பாஸ்போர்ட்னு ஒண்ணு இருக்கு, கொஞ்சக் காசுல மாநிலத்துல இருக்கற மலைகள்ல எல்லாம் சில நாள் ஏறிக்கலாம். முதல் வருஷம் கத்துக்கற குடும்பம் ஆயிரம் டாலர் பாஸைத் தொடவே தொடாதீங்க, பசங்க மூணாவது நாளே குளிருதுன்னு லாட்ஜ்ல ஹாட் சாக்லேட்டோட உக்காந்துடுவாங்க.

அரசாங்கம் இதுக்கு என்ன பண்ணுதுன்னு கேட்டா அது இன்னொரு ராமாயணம். லிட்டில் காட்டன்வுட்ல 8 மைல் நீளத்துக்கு ரோப் கார் போடறதுன்னு மாநில ரோடு இலாகா 2023 ஜூலைல முடிவு பண்ணுச்சு, முதல்ல சொன்ன மதிப்பே 55 கோடி டாலர். கேஸ் போட்டுட்டாங்க, நின்னுட்டு இருக்கு. வேடிக்கை என்னன்னா அந்த ரோப் கார் ஏறவும் கீழ 2,500 காருக்கு பார்க்கிங் கட்டணுமாம்! அந்தக் காசுல பத்துல ஒரு பங்கை பஸ்ஸுக்குப் போட்டிருந்தாலே பாதிப் பிரச்சனை தீந்திருக்கும்ங்கறது என் கருத்து. 2022-23 குளிர்காலத்துல டிரைவர் இல்லன்னு பஸ்ஸைக் கொறச்சப்ப பஸ்ல போய்ட்டிருந்தவங்களும் காருக்குத் திரும்பிட்டாங்க.

ஊட்டிக்கு கோர்ட் 2025ல வாரநாள் 6,000 வண்டி, வார இறுதில 8,000 வண்டி, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு வரம்பு வச்சப்ப அரசு பஸ்ல போறவங்களுக்கு அது கிடையாதுன்னு சொன்னாங்க இல்ல, அதுதான் சரியான வழி. ஆனா பஸ் ஒழுங்கா இருக்கணும். மேட்டுப்பாளையத்துலயோ பத்தலகுண்டுலயோ காரை நிம்மதியா விட்டுட்டு ஏற இடம், பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ், பெட்டி வைக்க எடம், ஏறின பிறகு சுத்திப் பாக்க மேல ஒரு பஸ். வாசகர்கள் இ-பாஸ் வேணுமா வேண்டாமான்னு எழுதறதோட இதையும் கேட்டு எழுதினா நல்லாயிருக்கும், நீங்களும் ஒரு நிருபரை அனுப்பி சீசன் நேரத்துல மேட்டுப்பாளையம் ஸ்டாண்டுல எவ்ளோ நேரத்துக்கு ஒரு பஸ் கிளம்புதுன்னு பாத்துப் போடுங்க.

கடைசியா, இந்த வருஷம் யூட்டா வர பிளான் போட்டிருக்கறவங்களுக்கு: பெரிய பாஸ் ரெண்டும் டிசம்பர்ல விக்கறதை நிறுத்திடுவாங்க, கிறிஸ்துமஸ் லீவுல யோசிச்சா கிடைக்காது. ரென்டல் கார் எடுக்கும்போது டயர் பக்கவாட்டுல மலையும் பனித்துகளும் சேந்த முத்திரை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க, பனி கொட்டுற நாள்ல அது இல்லாத டூ-வீல் டிரைவ் காரை (ரெண்டு சக்கரத்துக்கு மட்டும் இன்ஜின் இழுவை உள்ளது), செயினும் இல்லன்னா, போலீஸ் கேன்யன் வாய்லயே திருப்பி விட்டுடுவாங்க, நீங்க பார்க்கிங் புக் பண்ணியிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாண்டி, யூட்டா