சாவியை மாற்றிவிடாதே

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம். வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இனி யார் எந்த வரிசையில் தூங்கினாலும் தெரியும் என்கிறார், நீ ஜாக்கிரதையாக இரு. இவ்வளவு நாள் எழுதாததற்கு நீ திட்டுவது எல்லாம் நியாயம்தான். நேரில் வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது அவசரமாக எழுதுவது உன் கார் சாவிக்காக. ரிமோட் சரியாக வேலை செய்யவில்லை, முழுச் சாவியையே மாற்றச் சொல்கிறார்கள், சரியென்று சொல்லப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொல்லாதே. முன்பு தெருமுனையிலிருந்தே திறந்தது, இப்போது கதவுக்குப் பக்கத்தில் போய் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருக்கிறது என்கிறாய். இப்படி மெல்ல மெல்லத் தூரம் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் பேட்டரிதான். சாவி தண்ணீரில் விழுந்து, அன்றைக்கே செத்திருந்தால் அது வேறு கதை. பீரோவில் தூங்குகிற இரண்டாவது சாவியை எடுத்து அழுத்திப் பார். அது தூரத்திலிருந்து திறந்தால் காரில் கோளாறு இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

போன வாரம் என் சாவிக்கு நானே மாற்றினேன். அதனால் கையில் செய்த சூட்டோடு சொல்கிறேன், கேள்.

முதலில் சாவியின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளி, உள்ளே ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிவிடு. அது வெளியே வந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். பெரும்பாலான சாவிகளில் பிளாஸ்டிக் மேலோட்டைப் பிரிக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. தட்டையான ஸ்க்ரூட்ரைவரின் முனையில் டேப் சுற்றிக்கொண்டு அங்கே வைத்து மெதுவாகத் திருப்பு. 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பயப்படாதே, கொக்கி விடுபடும் சத்தம் அது. அப்புறம் விளிம்பு முழுக்க நகத்தாலேயே பிரித்துவிடலாம். மடக்குச் சாவியாக இருந்தால் பின்பக்கம் தனி மூடியோ குட்டித் திருகோ இருக்கும். எப்படி இருந்தாலும் காரோடு வந்த புத்தகத்தில் படமே போட்டிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை இதுவரை பிரித்தே இருக்க மாட்டாய், உன்னைத் தெரியாதா எனக்கு.

உள்ளே நாணயம் போல ஒரு பேட்டரி. அதை எடுக்கும் முன்னால் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள். சில சாவியில் கூட்டல் குறி மேலே பார்க்கும், சிலவற்றில் கீழே. முக்கியமாக, பேட்டரியின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார். பல சாவிகளில் சிஆர்2032 இருக்கும். 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 32 என்பது பருமன் 3.2 மில்லிமீட்டர். சிஆர்2025 அதே அகலம், ஆனால் 2.5 மில்லிமீட்டர்தான் பருமன். இரண்டுமே 3 வோல்ட் என்பதால் 'இதுவும் அதுவும் ஒன்றுதான் சார்' என்று தருவார்கள். வாங்காதே. மெல்லியதைப் போட்டால் தகடு சரியாகத் தொடாது, ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. எல்ஐஆர் என்று எழுத்து இருந்தால் அதுவும் வேண்டாம். அது சார்ஜ் ஏற்றும் வகை, முழுதாக ஏறினால் 4.2 வோல்ட் வரை போகும். உன் சாவி அதற்காகச் செய்ததில்லை.

புதியதைப் போடும்போது விளிம்பைப் பிடித்துப் போடு, தட்டைப் பக்கத்தில் விரல் எண்ணெய் படாமல் இருப்பது நல்லது. சர்க்யூட்டில் இருக்கும் மெல்லிய தகடுகளை நெம்பாதே. ஓரத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அதன் பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடு. அவ்வளவுதான் வேலை!

பேட்டரியைக் கழற்றினால் சாவி காரை மறந்துவிடும் என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அநேகமாக எந்தச் சாவியும் மறக்காது. அதன் ரகசிய எண்கள் மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. சில பழைய மாடல்களில் மட்டும் மறுபடி காரோடு இணைத்துக்கொள்ளச் சொல்வார்கள், அந்த முறையும் புத்தகத்திலேயே இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பேட்டரி சுத்தமாகத் தீர்ந்தாலும் கார் கிளம்பும்! சாவிக்குள் இருக்கும் திருட்டுத் தடுப்புச் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை. காரில் இருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தை வீசுகிறது, அதிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்கிறது. அதனால் கதவை இரும்புச் சாவியால் திறந்து, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பிவிடும். சிலவற்றில் வைப்பதற்கென்றே தனி இடம் இருக்கும். உன் காரில் எங்கே என்று இன்றைக்கே பார்த்து வை, நடுராத்திரியில் தேடாதே. சில மடக்குச் சாவிகளில் இந்தச் சிப் அரிசி மணி அளவில் தனியாகவே கிடக்கும். மேலோட்டைப் பிரிக்கும்போது அது உருண்டு ஓடினால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. மேஜையில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படி. உன் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகும் வயது. புதிய பேட்டரியையும் சரி, பழையதையும் சரி, ஒரு நிமிஷம்கூட மேஜையில் விடாதே. இந்த 20 மில்லிமீட்டர் பேட்டரி சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் அப்படியே சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். ரிமோட்டுக்குப் போதாத பழைய பேட்டரியிலும் அந்த அளவுக்குச் சக்தி மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். எக்ஸ்ரேயில் காசு போலவே தெரியக்கூடும், அதனால் பேட்டரியாக இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். இதை மருமகளிடமும் படித்துக் காட்டு.

குழந்தை தூங்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டு மாற்று. கழற்றியதும் பழையதன் இரண்டு பக்கத்திலும் டேப் ஒட்டிவிடு, குப்பையில் வேறு உலோகத்தோடு உரசிச் சூடாகாது. அப்புறம் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடு. மூடி சரியாகக் கவ்வாமல் ஆடினால் அந்தச் சாவியை அவள் கையில் விளையாடக் கொடுக்கவே கூடாது. ஓடு மட்டும் தனியாகக் கிடைக்கிறது, வாங்கி மாற்றிக்கொள்.

முதலில் எண்ணைப் பார்த்து எனக்கு எழுது. புதிய பேட்டரி போட்டும் தூரம் கூடவில்லை என்றால் அதையும் எழுது, அப்போது சாவியை மாற்றுவது பற்றிப் பேசலாம்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்