செயலாளர் ஆண்டறிக்கை: நாலாவது கோலும் ஒரு பிறப்புச் சான்றிதழும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த ஆட்டக்காரர்களே, விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி மைதானத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு உங்கள் கையில் இருக்கிறது. செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. மாம்பழப் பருவத்தில் மட்டும் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. உறுப்பினர்களில் பாதிப் பேர் தோப்பிலும் மண்டியிலும் நின்றதால் கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை சேரவில்லை. காலைக் கால்பந்துப் பயிற்சி மழை நாட்களைத் தவிர நிற்கவில்லை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனிப் பயிற்சி தொடங்கி, அவர்களுக்கென்று 4ஆம் எண் பந்து வாங்கினோம். பெரியவர்கள் ஆடும் 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் வரை கனக்கும். அதைச் சின்னக் காலால் தூக்கி அடிக்கப் பழகினால் உதைக்கும் முறையே கெட்டுப்போகும் என்று பயிற்சியாளர் நெடுநாளாகச் சொல்லிவந்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே விஷயத்துக்கு ஒதுக்க தலைவர் அவர்களின் அனுமதியைப் பெற்றிருக்கிறேன். 17 வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டிக்குப் போன கிருஷ்ணகிரி மாவட்ட அணியில் நம் கழகத்துப் பையன்கள் ஏழு பேர் இருந்தார்கள். நான் அணி மேலாளராக உடன் போனேன். எங்கள் பிரிவில் நம் அளவே புள்ளி எடுத்த இன்னோர் அணி காலிறுதிக்குப் போனது, நாம் லீக் சுற்றோடு திரும்பினோம். "நமக்கும் நாலு புள்ளி, அவங்களுக்கும் நாலு புள்ளி. அவங்க உள்ளே போனாங்க, நாம ஏன் வெளியே வந்தோம்?" என்று பல பெற்றோர் கேட்டீர்கள். வழியில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. மாநிலப் போட்டி எப்படி நடக்கிறது என்பது நம் வீடுகளில் தெரிந்திருந்தால் இந்த ஆண்டு நடந்ததில் சிலவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மாநில அளவுக்குப் போக நம் பிள்ளைகளுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, பள்ளிக்கல்வித் துறை நடத்தும் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள். அதில் பிள்ளை தன் பள்ளிக்காக ஆடுகிறான். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏற வேண்டும். 14, 17, 19 என்று வயதுப் பிரிவுகள். இரண்டாவது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை. அதற்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, கால்பந்துச் சங்கங்களின் வழி. அதில் பிள்ளை பள்ளிக்காக அல்ல, மாவட்டத்துக்காக ஆடுகிறான். நான் பேசுவது இந்த மூன்றாவது வழியைப் பற்றி. ஒன்றில் பதிவு செய்தால் மற்றதற்கும் சேர்த்துப் பதிவாகிவிடும் என்று ஒரு தாய் நினைத்திருந்தார். அப்படி இல்லை. மூன்றுக்கும் படிவம் வேறு, கடைசி நாள் வேறு.

மாவட்டத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2004 பிப்ரவரி 9ஆம் தேதி கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, ஓசூர்ப் பையனும் அஞ்செட்டிப் பையனும் தருமபுரி போய்த்தான் செலக்‌ஷனில் நிற்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்கள் சிலர் அப்படிப் போனவர்கள். இப்போது தேர்வு நம் ஊருக்கே வந்துவிட்டது. ஆனால் ஓசூர்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பெங்களூரு பக்கம் என்பதால் சில பிள்ளைகள் அங்குள்ள அகாடமிகளில் சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் கர்நாடகத்து அணியில் வீரராகப் பதிவாகிவிட்டால், தமிழ்நாட்டு மாவட்டத்துக்கு ஆடும் முன் அந்தப் பதிவை மாற்றி முடிக்க வேண்டும். செலக்‌ஷன் அன்று காலையில் வந்து சொன்னால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி பிறப்புச் சான்றிதழ். இந்த ஆண்டு எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது இதுதான். நம் நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன், பெயரைச் சொல்லவில்லை, மாவட்டத் தேர்வில் தெளிவாக முதல் இரண்டு மூன்று பேரில் ஒருவன். அவனுடைய ஆதாரில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் வேறு தேதி. மலைக் கிராமத்தில் வீட்டில் பிறந்த பிள்ளை. பள்ளியில் சேர்த்தபோது உத்தேசமாக ஒரு தேதி எழுதப்பட்டது. பிறப்பு அந்தச் சமயத்தில் பதிவாகவே இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை போய் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். அவன் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று முறை அலைந்தார். உத்தரவு கிடைப்பதற்குள் பதிவின் கடைசி நாள் போய்விட்டது. பையன் வயதை மறைக்கவில்லை. அவனுக்கு உண்மையிலேயே 16 வயதுதான். ஆனாலும் அணி கிளம்பிய அன்று பஸ் நிலையத்துக்கு வந்து எல்லோருடைய பையையும் மேலே தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

வயது விஷயத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். 19 வயதுப் பையனை 17 வயதுப் பிரிவில் இறக்கிக் கோப்பை வாங்கிய கதைகள் நாடு முழுக்க உண்டு. அதைத் தடுக்கத்தான் 2010இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் வயது மோசடிக்கு எதிரான விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. சந்தேகம் வந்தால் இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது நம் பிள்ளைகள்தான், ஏனென்றால் நாம் உண்மையான வயதோடு போகிறவர்கள். ஆகவே விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. முன்கூட்டியே கேட்காத நம்மைத்தான் சொல்ல வேண்டும். வரும் ஆண்டில் 12 வயதுப் பிரிவில் பிள்ளை சேரும் அன்றே சான்றிதழைக் கேட்டுப் பார்க்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். "ஆண் குழந்தை" என்று மட்டும் போட்ட சான்றிதழை இந்த ஆண்டு இரண்டு வீடுகளில் பார்த்தேன்.

பயணம் பற்றி ஒரு வரி. ரயில் நிலையம் இல்லாத மாவட்டத் தலைநகர் நம்முடையது. பஸ்ஸில் சேலம் போய், அங்கிருந்து இரவு ரயில் பிடித்து, காலையில் இறங்கி, அன்று மாலையே முதல் ஆட்டம் ஆடினோம். இனி ஒரு நாள் முன்னதாகப் போக வேண்டும்.

போட்டி அமைப்புக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். எல்லாவற்றையும் நேரடி நாக் அவுட்டில் விட்டால் 37 ஆட்டத்தில் போட்டி முடிந்துவிடும். தோற்றவர் ஒவ்வொருவராக வெளியேற, கடைசியில் ஒருவர்தானே மிஞ்ச வேண்டும். ஆனால் முதல் சுற்றில் 12 அணிகள் மட்டும் ஆடும், 26 அணிகள் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். தோற்கும் அணி 500 கிலோமீட்டர் வந்து ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். அதனால்தான் முன்கட்டத்தில் வடிகட்டிவிட்டு, மிஞ்சும் அணிகளை நாலு நாலாகப் பிரித்து லீக் வைக்கிறார்கள். ஒரு பிரிவில் ஆறு ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் மூன்று. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. நாங்கள் போன போட்டியில் பிரிவில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் காலிறுதிக்குப் போகும். மாவட்டங்களின் பெயர் இங்கே தேவையில்லை.

முதல் ஆட்டத்தில் பிரிவிலேயே வலுவான அணியிடம் 1-4 என்று தோற்றோம். இரண்டாவது 1-1 சமன். மூன்றாவதில் 2-0 வெற்றி. மொத்தம் 4 புள்ளி. நம்மோடு சமன் செய்த அணி, வலுவான அணியிடம் 0-2 என்று தோற்றது, கடைசி அணியை 2-0 என்று வென்றது. அவர்களுக்கும் 4 புள்ளி. இருவரும் மோதிய ஆட்டம் சமன் என்பதால் அதைக் கொண்டு பிரிக்க முடியாது. அடுத்து கோல் வித்தியாசம். அவர்கள் போட்டது 3, வாங்கியது 3, வித்தியாசம் பூஜ்யம். நாம் போட்டது 4, வாங்கியது 5, வித்தியாசம் மைனஸ் ஒன்று. நாம் அவர்களைவிட ஒரு கோல் அதிகம் போட்டும் வெளியே வந்தோம்.

அந்த ஒரு கோல் எது என்று எனக்குத் தெரியும். முதல் ஆட்டத்தில் 1-3 என்று இருந்தபோது நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நமக்கு கார்னர் கிடைத்தது. கோல் கீப்பரைத் தவிர எல்லோரும் மேலே போனார்கள். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற நானும் "ஏறு, ஏறு" என்று கத்தினேன். பந்து அவர்கள் தடுப்பாட்டக்காரன் தலையில் பட்டு நடுக்கோட்டுக்கு வந்தது. அங்கே நம் ஆள் ஒருவர்கூட இல்லை. அவர்களுடைய விங்கர் தனியாக ஓடினான். நம் கோல் கீப்பர் முன்னே வருவதா நிற்பதா என்று தெரியாமல் இரண்டு எட்டு வைத்து நின்றான். பந்து அவன் கால்களுக்கிடையே உள்ளே போனது. அப்போது யாரும் பெரிதாக வருந்தவில்லை. மூன்றில் தோற்றால் என்ன, நாலில் தோற்றால் என்ன என்றுதான் நினைத்தோம். 1-3 என்று முடிந்திருந்தால் வித்தியாசத்தில் இருவரும் பூஜ்யம். போட்ட கோல் கணக்கில் 4க்கு 3 என்று நாம்தான் காலிறுதிக்குப் போயிருப்போம். நாக் அவுட்டில் அப்படி ஏறி ஆடுவது சரி. லீக்கில் தோற்கும் ஆட்டத்திலும் காக்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்பதை மேலாளரான நான் அன்று மறந்தேன். பையன்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.

கடைசி லீக் ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் இரு மைதானங்களில் நடந்தன. நம் பெற்றோர் சிலர் ஏன் இப்படி என்று கேட்டார்கள். 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரு நாள் பின்னால் ஆடி, தங்களுக்கு என்ன முடிவு போதும் என்று தெரிந்துகொண்டு மெத்தனமாக ஆடியதில் அல்ஜீரியா வெளியேறியது. அதிலிருந்துதான் இந்த வழக்கம் வந்தது.

மஞ்சள் அட்டையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான போட்டிகளில் வெவ்வேறு ஆட்டங்களில் இரண்டு மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் கிடையாது. நம் பையன் ஒருவன் ஜெர்சியைக் கழற்றிக் கோலைக் கொண்டாடி ஒரு மஞ்சள் வாங்கினான். அது தவறிப் பட்ட அடிக்கு வாங்கியதல்ல, சும்மா வாங்கியது.

கயிறு விஷயத்தை எழுதாமல் விட மனம் வரவில்லை. நம் கோல் கீப்பர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். கிளம்பும்போது அவன் பாட்டி பேட்டராய சுவாமி கோயிலில் வேண்டிக்கொண்டு வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டிவிட்டிருக்கிறார். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் வரிசையாக நிற்க வைத்து பூட்ஸின் அடியைத் தடவிப் பார்த்தார், ஷின் கார்டைத் தட்டிப் பார்த்தார், கயிற்றைக் கண்டதும் கழற்றச் சொன்னார். நகை, வளையம், பட்டை எதுவும் ஆட்டக்காரர் உடம்பில் இருக்கக் கூடாது என்பது ஆட்ட விதி. டேப் ஒட்டி மறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் கத்தரிக்கோலை நீட்டினார். பையன் கண் கலங்கிவிட்டது. நம் பயிற்சியாளர் குனிந்து நகத்தாலும் பல்லாலும் அந்த முடிச்சை அவிழ்த்தார். கயிறு அறுபடவில்லை. மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் அவரே திரும்பக் கட்டிவிட்டார். பயிற்சியாளருக்கு நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முன்னால் நிற்கிறது.

அணி வெளியேறினாலும் போட்டி முடிந்துவிடவில்லை. மாநிலப் போட்டியின் இன்னொரு வேலை, மாநில அணிக்கு ஆள் எடுப்பது. தேர்வாளர்கள் லீக் ஆட்டங்களிலிருந்தே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் எழுதிய பட்டியலிலிருந்து பயிற்சி முகாமுக்கு அழைப்பு வரும், முகாமிலிருந்து தேசியப் போட்டிக்கு அணி. ஜூனியர் பையன்களுக்கு பி.சி. ராய் கோப்பை, அதற்கும் இளையவர்களுக்கு மீர் இக்பால் உசேன் கோப்பை என்று அந்த வழி போகிறது. அஞ்செட்டியிலிருந்து வரும் நம் இடது பின்கள ஆட்டக்காரனுக்கு முகாம் அழைப்பு வந்தது. இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் முகாமில் கற்றதை இப்போது சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆண்டும் நம்மால் முழு அணி சேர்க்க முடியவில்லை. பதின்மூன்று பேர் வந்தார்கள், தேர்வு நேரத்தில் ஒன்பது ஆனார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியாணாவையும் வென்று தேசியக் கோப்பையைக் கொண்டுவந்தவர்கள். நம் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அந்த அணிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. மாலைப் பயிற்சி முடிந்து பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட ஒரு வேன் ஏற்பாடு ஆனால் எண்ணிக்கை நிற்கும் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள். இதைத் தனித் தீர்மானமாக வைத்திருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பயணச் செலவில் தங்கள் பங்காக அரிசியும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும், விடுப்புக் கொடுத்த தலைமையாசிரியர்களுக்கும், கோல் வலையை இரவோடு இரவாகத் தைத்துக்கொடுத்த நம் உறுப்பினருக்கும் நன்றி.

பொதுக்குழு முடிந்ததும் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வாசலருகே மேசை போட்டிருக்கிறோம். ஆதார், பள்ளிச் சான்று, பிறப்புச் சான்று மூன்றையும் கொண்டுவந்தவர்கள் தயவுசெய்து காட்டிவிட்டுப் போகவும். இந்த ஆண்டு வர முடியாமல் போன அந்தப் பையனின் உத்தரவு போன வாரம் வந்துவிட்டது. அவன் பெயரை 19 வயதுப் பிரிவுப் பட்டியலில் முதலாவதாக எழுதியிருக்கிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
கிருஷ்ணகிரி