எந்த ஆண்டின் அலி, எத்தனை சுற்று?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) குத்துச்சண்டைச் சாம்பியன்களை எதிரெதிரே நிறுத்தி, யார் ஜெயித்திருப்பார் என்று ஆராய்ந்த கட்டுரையைச் சென்ற இதழின் விளையாட்டுப் பகுதியில் படித்தேன். குத்துச்சண்டைக்கு ஒரு தமிழ் இதழ் இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் ஜோ லூயிஸ் இன்றைய டைசன் ஃபியூரியிடம் மூன்று சுற்றுகூடத் தாங்க மாட்டார், மைக் டைசன் எந்தக் காலத்து முகமது அலியையும் வீழ்த்திவிடுவார் என்றெல்லாம் கட்டுரையாளர் முடிவு கட்டியிருப்பதை ஏற்க முடியவில்லை. உயரம், எடை, யார் யாரை வென்றார் என்ற பட்டியல், இவ்வளவுதான் அவர் கையில் எடுத்தவை. எந்த ஆண்டில் இருந்த வீரர், எத்தனை சுற்றுச் சண்டை என்று அவர் கேட்கவே இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது.

எடையை எடுத்துக்கொள்வோம். 1935இல் ஏறத்தாழ 118 கிலோ இருந்த பிரிமோ கார்னேராவை, 90 கிலோகூட இல்லாத ஜோ லூயிஸ் ஆறாவது சுற்றில் சாய்த்தார். 1942இல் 113 கிலோ பட்டி பேயர் அவர் முன்னால் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. 1919இல் டொலீடோவில் ஜாக் டெம்ப்ஸி, தன்னைவிட 26 கிலோ கூடுதலான ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் தள்ளினார். (விழுந்தவர் எழும்வரை பக்கத்திலேயே நின்று, எழுந்த கணத்தில் அடிக்கலாம் என்றிருந்த காலம் அது. இன்று டெம்ப்ஸி நடுநிலை மூலைக்குப் போய் நின்றாக வேண்டும்.) பழைய கதை என்று தள்ளுவதானால் 2024 மே மாதத்து ரியாத் சண்டை இருக்கிறது. 101 கிலோ எடையுள்ள உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக், 119 கிலோ ஃபியூரியை நடுவர்களின் புள்ளிகளில் வென்றார். அதே ஆண்டு டிசம்பரில் ஃபியூரி இன்னும் கனமாக வந்தார், மறுபடியும் தோற்றார்.

பெரிய உடம்போடு கைத்திறனும் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு, மறுக்கவில்லை. லென்னக்ஸ் லூயிஸும் விளாடிமிர் கிளிட்ச்கோவும் எதிராளியை ஜாபால் (முன்கையால் நேராக விடும் விரைவான குத்து) தூரத்திலேயே நிறுத்துவார்கள். மீறி நெருங்கினால் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்து அவர் மூச்சை வாங்கிவிடுவார்கள். கைநீளம் குறைவான ராக்கி மார்சியானோவை லென்னக்ஸ் முன்னால் நிறுத்தினால் நானும் லென்னக்ஸ் பக்கம்தான்.

அடுத்தது ஆண்டு. 1951இல் மார்சியானோ ஜோ லூயிஸை எட்டாவது சுற்றில் நாக்-அவுட் செய்ததைக் கட்டுரையாளர் சான்றாகக் காட்டுகிறார். அன்று தோற்றவர் வரிக்கடனுக்காக மறுபடி களமிறங்கிய 37 வயதுக்காரர். 1938இல் மாக்ஸ் ஷ்மெலிங்கை 124 விநாடியில் முடித்த ஜோ லூயிஸைப் பற்றி அந்தச் சண்டை எதையும் நிரூபிக்கவில்லை. 2002இல் லென்னக்ஸிடம் தோற்ற மைக் டைசனும் 1988இல் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 விநாடியில் வீழ்த்திய டைசனும் ஒருவரல்ல. அலியைச் சென்னை பார்த்திருக்கிறது. 1980இன் தொடக்கத்தில் நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டபோது அவருக்கு வயது 38. அதே ஆண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸ் முன் பத்து சுற்று அடிவாங்கி உட்கார்ந்ததும் அந்த அலிதான். 1966இல் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸைத் தொடவிடாமல் அடித்த 24 வயது அலியை அவரோடு எப்படிச் சேர்ப்பது?

‘இவர் அவரை வென்றார், அவர் இன்னொருவரை வென்றார், ஆகவே…’ என்ற கணக்கு நிஜச் சண்டைகளிலேயே உடைந்துபோன கணக்கு. 1973இல் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மேன், ஜோ ஃபிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு கராகஸில் கென் நார்ட்டனும் இரண்டாவது சுற்றில் காலி. இந்த ஃபிரேசியர் 1971இல் அலியைத் தோற்கடித்தவர். நார்ட்டன் 1973இல் அலியின் தாடையை உடைத்து வென்றவர். கட்டுரையாளரின் கணக்குப்படி 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் ஃபோர்மேன் அலியை நொறுக்கியிருக்க வேண்டும். எட்டாவது சுற்றில் விழுந்தவர் ஃபோர்மேன். சண்டைப் பாணிதான் சண்டையைத் தீர்மானிக்கிறது. முன்னால் வந்துகொண்டே இருக்கும் ஃபிரேசியர் ஃபோர்மேனின் கைக்கு எட்டும் இடத்துக்குத் தானே போனார். கயிற்றில் சாய்ந்து, பிடித்து, ஃபோர்மேனைக் களைக்கவைத்தார் அலி.

நான் மிக முக்கியமாகக் கருதுவது சுற்றுக் கணக்கு. 1941இல் பில்லி கான், ஜோ லூயிஸுக்கு எதிராக 12 சுற்று முடிவில் நடுவர்களின் மூன்று புள்ளி அட்டைகளில் இரண்டில் முன்னிலை, மூன்றாவதில் சமநிலை. 13ஆவது சுற்றில் நாக்-அவுட் ஆனார். 1952இல் பிலடெல்பியாவில் மார்சியானோ மூன்று அட்டைகளிலும் ஜெர்சி ஜோ வால்காட்டுக்குப் பின்தங்கியிருந்தார். அவரும் 13ஆவது சுற்றில்தான் ஒரே வலது குத்தில் பட்டத்தை எடுத்தார். இன்றைய 12 சுற்று விதியில் இரண்டு முடிவுகளும் தலைகீழ். நாம் கொண்டாடும் மார்சியானோவின் 49-0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) இருந்திருக்காது! 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் 14 சுற்று மோதிய தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ இறந்த பிறகுதான் 15 சுற்று 12 ஆகக் குறைந்தது. உயிர்காக்க எடுத்த அந்த முடிவு சரியானது. ஆனால் அதற்கு முன்பிருந்த வீரர்கள் கடைசி மூன்று சுற்றை மனத்தில் வைத்துப் பயிற்சி செய்தவர்கள். அதைக் கழித்துவிட்டு அவர்களை எடைபோடக் கூடாது.

கணினி தீர்த்துவைக்கும் என்கிறார் கட்டுரையாளர். 1967இல் அமெரிக்க வானொலியில் நடந்த கணினிப் போட்டியில் ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அலி வழக்கே போட்டார். பிறகு 1969இல் மயாமியில் அலியையும் மார்சியானோவையும் கேமரா முன் மோதவிட்டுப் பல முடிவுகளைப் படமெடுத்தார்கள். படம் திரைக்கு வருமுன் மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ வென்றார், அதுவும் 13ஆவது சுற்றில். ஐரோப்பாவில் காட்டிய வடிவத்தில் ஜெயித்தவர் அலி! கற்பனையை விடுங்கள். 2024 டிசம்பரில் ஃபியூரி, உசிக் மறுசண்டைக்கு, முடிவில் சேராத நான்காவது நடுவராகச் செயற்கை நுண்ணறிவை வைத்தார்கள். மூன்று நடுவர்களும் உசிக்குக்கு 116-112 என்று ஒன்றுபோலக் கொடுத்தபோது அது 118-112 என்றது.

குறை சொல்வதோடு நிறுத்தாமல் என் தீர்ப்புகளையும் எழுதுகிறேன். 1966 நவம்பர் அலி, 1988 ஜூன் டைசன், 15 சுற்று: அலி, பத்தாவது சுற்றுக்குப் பிறகு. பயிற்சியாளர் கெவின் ரூனியிடம் பயின்ற டைசனின் முதல் நான்கு சுற்று எவருக்கும் பயங்கரம்தான். ஆனால் 1987இல் ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் அவரைப் பிடித்துப் பிடித்தே 12 சுற்றும் நின்றார்கள். பிடிப்பதில் அலி அவர்களைவிடப் பெரிய ஆள். கால் வேகத்தில் அவர்களோடு ஒப்பிடவே முடியாது. 1938 ஜோ லூயிஸ், 2024 உசிக்: 12 சுற்று என்றால் உசிக், 15 என்றால் ஜோ லூயிஸ். நகர்ந்துகொண்டே இருப்பவர் ஜோ லூயிஸுக்குத் தொல்லை என்பதைக் கான் காட்டினார். கடைசியில் ஜோ லூயிஸ் அவரைப் பிடித்துவிடுவார் என்பதையும் அதே சண்டை காட்டியது.

என்னை மிகவும் வருத்தியது, கட்டுரையில் லாரி ஹோம்ஸ் பெயரே இல்லாததுதான். 1978இல் நார்ட்டனுக்கு எதிராக 14 சுற்று முடிந்தும் மூன்று அட்டைகளும் சமமாக இருக்க, 15ஆவது சுற்றை வென்று பட்டம் எடுத்தவர். 1985வரை 48 சண்டைகளில் தோல்வியே இல்லாதவர். ஹெவிவெயிட் வரலாற்றிலேயே சிறந்த ஜாப் அவருடையது என்பேன். அலிக்குப் பிறகு வந்ததும், முதுமையடைந்த அலியை அடித்ததும் தவிர அவர் செய்த குற்றம் எதுவுமில்லை. 

இந்தத் தொடர் நீளுமானால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஆண்டையும் சுற்று எண்ணிக்கையையும் தலைப்பிலேயே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். முதல் ஜோடியாக 1966 அலியையும் 1978 ஹோம்ஸையும் 15 சுற்றுக்கு நிறுத்துங்கள். எழுபதுகளில் அலிக்கே பயிற்சிச் சண்டைத் துணையாக இருந்தவர் ஹோம்ஸ். அந்த ஜாபை இளம் அலி எப்படிச் சமாளித்திருப்பார் என்று கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டும்.

தங்கள் வாசகர்,
திருச்சி