குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது?

அன்பு மகளுக்கு,

குரங்கிலிருந்து மனுஷன் வந்தான் என்றால் குரங்கு ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது என்று பேரன் கேட்டதாகச் சொன்னாய். அருமையான கேள்வி. பெரியவனானால் புரியும் என்று சொல்லி அனுப்பிவிடாதே.

இன்றைக்கு மரத்தில் தாவும் எந்தக் குரங்கும் நமக்குப் பாட்டன் இல்லை. சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிலிருந்து ஒரு கிளையாக நாமும் இன்னொரு கிளையாகச் சிம்பன்சியும் வந்தோம், அவ்வளவுதான். நாம் மாறிய அதே காலத்தில் அதுவும் தன் வழியில் மாறியது.

அப்புறம், தேவைப்பட்டால் உயிரினம் தன்னை மாற்றிக்கொள்ளும் என்று நீயும் சொன்னாயே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை. பசிபிக் கடலில் இருக்கும் கலாபகஸ் தீவுகளில் டாப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியல் ஆய்வாளர் தம்பதி 1973 முதல் ஆண்டுக்கணக்கில் அங்கே போய், குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து எழுதிவைத்தார்கள். 1977-ல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோய்க் கெட்டியான பெரிய விதைகள்தான் மிஞ்சின. எந்தக் குருவிக்கும் பஞ்சத்தைப் பார்த்து அலகு பெருக்கவில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே தடித்த அலகோடு பிறந்தவை அந்த விதைகளை உடைத்துத் தின்று அதிகம் பிழைத்தன, மற்றவற்றில் பெரும்பாலானவை செத்தன. அலகின் அளவு பெற்றோர் வழியாக வருவது என்பதால் அடுத்த தலைமுறையின் சராசரி அலகே தடித்துவிட்டது, அதுவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக! உயிருக்கும் சாவுக்கும் நடுவே அவ்வளவுதான் இடைவெளி. இது தன் கண்முன்னே நடப்பதைப் பார்க்கலாம் என்று பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வினே நினைக்கவில்லை.

1983-ல் பேய்மழை. சின்ன விதைகள் பெருகின, அதற்கடுத்த ஆண்டுகளில் சின்ன அலகுள்ளவைக்கு யோகம் அடித்தது. பரிணாமம் என்றால் மேலே மேலே ஏறிப்போவது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

இப்படியே இரண்டு கூட்டங்கள் பிரிந்து கிடந்து, ஏராளமான தலைமுறைகளாக வெவ்வேறு மாற்றங்கள் சேர்ந்து, ஒன்றோடொன்று இணைந்து குஞ்சு பொரிக்க முடியாத அளவுக்குப் போனால் அவை தனித்தனி இனங்கள்.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தான ஆன்டிபயாடிக் விஷயமும் இதேதான். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்கிறார்களே, உடம்பு பழகுவதில்லை. மருந்துக்குத் தப்பும் தன்மை தற்செயலாக அமைந்த சில பாக்டீரியாக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அதனால் பேரனுக்குச் சளி பிடித்தால், மருத்துவர் எழுதித் தராமல் நீயாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா