தோட்டா வேறு, குண்டு வேறு, கோக்கா வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விமான நிலையத்திலோ மெட்ரோவிலோ யாருடைய பையிலாவது எதுவோ அகப்பட்டால், தமிழ் ஏடுகள் எல்லாவற்றுக்கும் 'துப்பாக்கிக் குண்டு பறிமுதல்' என்றே தலைப்பு வைக்கின்றன. குண்டு என்பது முனையில் இருக்கும் ஈயத்துண்டு மட்டும். பித்தளை உறை, அடியில் ப்ரைமர் (ஊசி குத்தியதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்ததுதான் தோட்டா. டெல்லிப் போலீஸ்காரர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. சுட்டு முடித்த வெற்று உறை அவர்களுக்குக் 'கோக்கா', சுடாதது 'ஜிந்தா கார்தூஸ்'. துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இந்த வேறுபாடு தெரியாமல் போனால் வழக்கில்தான் முடியும்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, முழுத் தோட்டாவை மட்டும் 'அம்யூனிஷன்' என்று சொல்லவில்லை. தோட்டாவின் பகுதிகளும் அதில் அடக்கம். தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். இணையத்தில் பார்த்து வெளிநாட்டிலிருந்து ஒரு ரீலோடிங் பிரஸ் (சுட்ட உறையில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றும் கருவி) வரவழைக்கலாம் என்று நினைப்பவர், சட்டத்தின் கண்ணில் இரும்புச் சாமான் வாங்கவில்லை, அம்யூனிஷனை இறக்குமதி செய்கிறார். அதற்கு 10-ஆவது பிரிவின்படி லைசென்சு வேண்டும். மருந்து தனியாக இருந்தால் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டு விதிகளும் கூடவே வந்து நிற்கும்.

அப்படியானால் சாவிக்கொத்தில் தொங்கும் வெற்று உறை குற்றமா? இங்கேதான் 45-ஆவது பிரிவின் (டி) உட்பிரிவைப் படிக்க வேண்டும். தோட்டாவின் சிறு பகுதியை ஒருவர் வைத்திருக்கலாம். ஆனால் அவரிடமோ வேறு யாரிடமோ இருக்கும் மற்றப் பகுதிகளோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. ஆக, எண்ணிக்கையைவிடக் கூட்டுதான் முக்கியம். மேசை மேல் நாலு காலி உறை நினைவுப் பொருள். அவற்றோடு அலமாரியில் ப்ரைமர் பெட்டியும் ஈய ரவையும் (சிறு ஈய உருண்டைகள்) மருந்தும் இருந்தால் அந்த விலக்கைக் காட்டித் தப்புவது கடினம். அவற்றை ஒன்றுகூட்டத் தொடங்கினால் பேச்சு 5-ஆவது பிரிவுக்கு, அதாவது தயாரிப்புக்குப் போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத் தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். சுடுவதற்கு வாங்கிய லைசென்சு தயாரிப்பதற்கும் சேர்த்துத்தான் என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

ஒரு விசித்திரம்: இந்த விலக்கு லைசென்சுக்காரரைவிடச் சாதாரண ஆளுக்குத்தான் அதிகம் உதவும். துப்பாக்கியே தொடாதவர் பையில் ஒரு பகுதி கிடந்தால், அதை எதோடு சேர்ப்பார் என்ற கேள்வியே எழாது. சுடும் வீரரின் வீட்டிலோ அதே காலிபர் (குழல் அளவு) துப்பாக்கி இருக்கிறது. 'தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம்' என்று 1972-இலும் 1994-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எல்லோருக்கும் பொதுதான். ஆனால் தினமும் தோட்டா எண்ணுபவர் 'பையில் இருந்தது தெரியாது' என்றால் யார் எளிதில் நம்புவார்கள்?

உண்மையில் மாட்டவைப்பது பெரும்பாலும் விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாதான். .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டாவில் ப்ரைமர் தனியாக இல்லை. பற்றும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. சுட்ட .22 உறையின் விளிம்பில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் இருக்கும், முனை வெறுமையாக இருக்கும். பள்ளம் இருந்தும் ஈயமுனை அப்படியே இருந்தால் அது உயிருள்ள தோட்டா, உங்கள் கணக்கில் ஒன்று. ரவை சுடும் 12 போர் துப்பாக்கியின் தோட்டாவில் அடி நடுவே குத்து விழும். சுட்ட உறையின் வாய் மடிப்பு இதழ் இதழாக விரிந்திருக்கும், மடிப்பு மூடியே இருந்தால் உள்ளே ரவை இருக்கிறது. வெடிக்காததைக் கண்டதும், துப்பாக்கி முனையை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடமாவது பொறுத்து, தள அதிகாரியை அழைத்து, அவர் முன்னால் வெளியே எடுத்து அவரிடமே கொடுக்க வேண்டும். பலர் அதைக் கால்சட்டைப் பையில் போடுகிறார்கள். அது அங்கிருந்து கிட் பைக்கு, கிட் பையிலிருந்து விமான நிலையத்தையும் மெட்ரோவையும் காக்கும் சிஐஎஸ்எஃப் படையின் எக்ஸ்ரே திரைக்கு. திரையில் வடிவம்தான் தெரியும், பள்ளம் தெரியாது.

லைசென்சில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரே நேரத்தில் கையிருப்பில் இருக்கக் கூடியது, ஓர் ஆண்டில் வாங்கக் கூடியது. இரண்டாவதைப் பார்த்து வாங்கிவிட்டு முதலாவதை மீறுவதுதான் வழக்கமான பிசகு. லைசென்சு நிபந்தனையை மீறினால் 30-ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்சில் இல்லாத காலிபரில் நண்பருடைய தோட்டா உங்கள் பையில் இருந்தால் அது 25(1பி), அதாவது லைசென்சு இல்லாமல் வைத்திருந்த குற்றம். இப்போது 2 முதல் 5 ஆண்டு. லைசென்சு காலாவதியானால் துப்பாக்கியோடு மிச்சத் தோட்டாக்களையும் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது 21-ஆவது பிரிவு. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத் தோட்டாப் பெட்டியை மறப்பவர்கள் உண்டு. 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளின் (காற்றழுத்தத் துப்பாக்கி) ஈயப் பெல்லட்டில் மருந்தே கிடையாது, அதற்குப் பொதுவாக இந்த லைசென்சுக் கவலைகள் இல்லை.

டெல்லி போலீசின் லைசென்சிங் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். வெடிக்காத தோட்டாவைத் தளத்தில் ஒப்படைத்ததும் தேதி, காலிபர், எண்ணிக்கை போட்ட ரசீது ஒன்று கொடுக்க வழி செய்யுங்கள். உங்கள் நிருபர்களுக்கும் ஒன்று: பிடிபட்டது உறையா, உயிருள்ள தோட்டாவா என்பதைச் செய்தியின் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
துப்பாக்கி சுடுதல் பயிலும் வாசகர்கள் சிலர்,
ஆர்.கே. புரம், புது டெல்லி.